இரவல் தண்டவாளம்



சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் நண்பரின் மகன் நின்றுகொண்டிருந்தான். நாக்பூரிலேயே பிறந்து வளர்ந்த பையன். ஐந்தாறு ஆண்டுகளாக இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுத்து வருகிறான். தமிழர் வீடுகளில் தொடங்கிய தொழில், இப்போது மராத்தியர், இந்திக்காரர் வீடுகள் வரை பரவியிருக்கிறது.

"என்னடா இந்த நேரத்திலே?" என்றேன்.

"மாமா, இருநூறு கிலோ மாவு அரைச்சு வெச்சிருக்கேன். யார் வீட்டுக்கு எவ்வளவுன்னு தெரியலை" என்றான்.

அவன் தொழில் நடக்கும் முறையைச் சொன்னால்தான் இது விளங்கும். தினமும் இரவு எட்டு மணிக்கு அவனுடைய வாடிக்கையாளர்கள் 260 பேருக்கும் செல்போனில் ஒரு செய்தி போகும். நாளைக்கு மாவு வேண்டுமா, எத்தனை கிலோ என்று கேட்கும். அவர்கள் பதில் போட்டால், அதையெல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் தானாகவே தயாராகும். எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிப்பது என்று வரைபடம் காட்டும். பணமும் போனிலேயே வந்துவிடும். தெரிந்த பையன் ஒருவனை வைத்து இதற்கென ஒரு புரோகிராம் எழுதி வாங்கியிருந்தான்.

அன்று இரவு செய்தி போகவில்லை. செய்தி அனுப்பும் வேலையை அவன் ஒரு வெளி நிறுவனத்திடம் விட்டிருந்தான். அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர், அவனுடைய கணக்கில் ஏதோ விதிமீறல் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, கணக்கை நிறுத்தி வைத்துவிட்டது. மனிதர் யாரும் பார்த்துச் செய்த முடிவல்ல. போன் செய்து கேட்கலாம் என்றால் நம்பர் கிடையாது. மின்னஞ்சல் அனுப்பினால், பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி பதில். தவறுதலாக நடந்துவிட்டது, கணக்கைத் திறந்துவிட்டோம் என்று அவர்கள் எழுதியது ஒன்பது நாள் கழித்து.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள்கூட அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. தன் வீட்டுச் சாமானை அடுத்தவர் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியையும் அவரிடமே கொடுத்த கதை.

"நான் என்ன தப்புப் பண்ணினேன் மாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு பல நாள் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, 1981-இல் ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, 2019-இல் ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, இது நமக்குப் பழக்கமான பிரச்சினைதானே என்று தோன்றியது.

ஏ.பி.ஐ. என்பது என்ன?

ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் வேலை வாங்குவதற்காக வைத்திருக்கும் வாசலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அப்ளிகேஷன் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கம் அது. என்ன கேட்கலாம், எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், பதில் எந்த வடிவத்தில் வரும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். உள்ளே என்ன இயந்திரம் ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ரயில்வேயில் இதைப் போன்ற ஒன்று நூறாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து வண்டியை விட வேண்டுமானால், இந்த ஸ்டேஷன் மாஸ்டர் அங்கே மணியடித்து 'லைன் கிளியர்' கேட்க வேண்டும். எத்தனை முறை அடித்தால் என்ன பொருள் என்பது விதிப் புத்தகத்தில் உண்டு. அந்தப் பக்கம் இருப்பவர் யார், தமிழரா வங்காளியா என்பதெல்லாம் இவருக்குத் தெரிய வேண்டாம். மணிக் கணக்கு சரியாக இருந்தால் போதும். அவர் சம்மதித்தால், இவருடைய கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளியே வரும். அதுதான் டோக்கன். அதை வளையத்தோடு கூடிய பையில் போட்டு டிரைவரிடம் நீட்டுவார்கள். ஒரு டோக்கன் வெளியே வந்துவிட்டால், அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை இரண்டு ஸ்டேஷன்களில் எதிலிருந்தும் இன்னொரு டோக்கனை எடுக்க முடியாது. நீல்ஸ் டோக்கன் கருவி என்று அதற்குப் பெயர். என் வேலைக் காலத்தின் முதல் பத்தாண்டுகள் அந்தக் கருவிகளோடுதான் கழிந்தன.

ஏ.பி.ஐ.யிலும் டோக்கன் உண்டு, பெயரும் அதேதான். சிலர் சாவி என்பார்கள். நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு ரகசியச் சொல் அது. அதைக் காட்டினால்தான் வாசல் திறக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ரயில்வேயில் இரண்டு ஸ்டேஷன்களும் ஒரே விதிப் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவை. இணைய உலகில் விதிப் புத்தகத்தை எழுதுபவர், திருத்துபவர், டோக்கனைப் பறிப்பவர் எல்லாம் வாசலுக்குச் சொந்தக்காரர்தான்.

ஆகவே இதற்குப் பொருத்தமான உவமை, பிரைவேட் சைடிங். ஒரு சிமென்ட் ஆலையோ சர்க்கரை ஆலையோ தன் வளாகத்திலிருந்து மெயின் லைன் வரை தன் செலவில் தண்டவாளம் போட்டுக்கொள்வதுண்டு. ஆலை அவர்களுடையது, சைடிங் அவர்களுடையது. ஆனால் மெயின் லைன் ரயில்வேயுடையது. 1992-இல் யூனிகேஜ் திட்டம் வந்து, மீட்டர் கேஜ் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக பிராட் கேஜாக மாறின. மீட்டர் கேஜில் சைடிங் போட்டிருந்தவர்கள் புதிதாகச் செலவு செய்து மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் லாரிக்குப் போக வேண்டும். ரயில்வே யாருக்கும் துரோகம் செய்யவில்லை. நாட்டுக்கு நல்லது என்று பெரிய திட்டம் ஒன்று வந்தது. சிறியவர்கள் அதற்கு ஏற்ப நகர வேண்டியிருந்தது. இன்று ஏ.பி.ஐ.யை நம்பித் தொழில் செய்பவர் ஒவ்வொருவரும் இரவல் தண்டவாளத்தில் வண்டி ஓட்டுபவர்தான். தண்டவாளம் எந்தெந்த வழிகளில் கைநழுவும் என்பதைப் பார்ப்போம்.

விலை மாறும்

கூகுள் நிறுவனம் 2005 பிப்ரவரியில் தன் வரைபடத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் பால் ராடெமாக்கர் என்ற புரோகிராமர், வாடகை வீட்டு விளம்பரங்களை அந்த வரைபடத்தின்மேல் புள்ளிகளாகக் காட்டும் ஒரு பக்கத்தைச் சில வாரங்களுக்குள் உருவாக்கினார். கூகுளிடம் அவர் அனுமதி கேட்கவில்லை. கூகுள் அவர்மேல் வழக்குப் போடாமல், அதே ஆண்டு ஜூனில் எல்லோருக்கும் ஏ.பி.ஐ. வாசலைத் திறந்துவிட்டது. பிறகு அவரை வேலைக்கும் எடுத்துக்கொண்டது. உலகம் முழுவதும் ஓட்டல்காரர் முதல் கூரியர்காரர் வரை அந்த வரைபடத்தின்மேல் தங்கள் தொழிலைக் கட்டினார்கள்.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 2018 ஜூலை 16 முதல் கணக்கு மாறியது. அதுவரை ஒரு நாளைக்கு 25,000 முறை வரைபடத்தை இலவசமாகக் காட்டலாம். புதிய திட்டத்தில் மாதம் 200 டாலர் வரை இலவசம் என்றார்கள். அது மாதத்துக்குச் சுமார் 28,000 முறைக்குத்தான் காணும். அதாவது ஒரு நாளைக்கு இருந்த அளவு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு என்றாயிற்று. அதற்கு மேல் போனால், ஆயிரம் முறைக்கு 50 சென்ட் ஆக இருந்த கட்டணம் 7 டாலர் ஆயிற்று. பதினான்கு மடங்கு. கிரெடிட் கார்டு விவரம் கொடுத்தால்தான் சாவி முழுமையாக வேலை செய்யும் என்பதும் சேர்ந்துகொண்டது.

கூகுள் செய்தது சட்டப்படி தவறில்லை. வரைபடம் தயாரிக்கப் பணம் செலவாகிறது. சொந்தக்காரர் கட்டணம் கேட்கலாம். ஆனால் இலவசம் என்று நம்பி ஐந்தாண்டுக் கணக்குப் போட்டவருக்கு, அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது.

மறுபக்கமும் பாருங்கள். 2024 ஜூலையில் ஓலா நிறுவனத் தலைவர் பவிஷ் அகர்வால், கூகுள் வரைபடத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் செலவாகி வந்தது, சொந்த வரைபடத்துக்கு மாறி அதைச் சுழியாக்கிவிட்டோம் என்று அறிவித்தார். அதே மாதம், இந்தியாவில் தன் கட்டணத்தை ஆகஸ்ட் 1 முதல் 70 சதவீதம் வரை குறைப்பதாக கூகுள் அறிவித்தது. மாற்று வழி கைவசம் உள்ளவர்களின் பேச்சுக்கு எடை கூடும் என்பதை மட்டும் இங்கே குறித்து வைத்துக்கொள்வோம்.

மனம் மாறும்

ட்விட்டரைப் படிக்கவும் எழுதவும் வெளியார் தயாரித்த செயலிகள் பல இருந்தன. ட்விட்டரிஃபிக் என்ற செயலி 2007 முதல் இருந்தது. ட்விட்டரின் அடையாளமாக நாம் அறிந்த நீலப் பறவையைக் கூட முதலில் பயன்படுத்தியவர்கள் அந்த வெளியார்தான். 2023 ஜனவரி 12 அன்று முன்னறிவிப்பு இல்லாமல் அவர்களுடைய சாவிகள் வேலை செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து, ட்விட்டருக்கு மாற்றான செயலியை யாரும் உருவாக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் புதிய விதி சேர்ந்தது. கதவைச் சாத்திய பிறகு, சாத்துவதற்கான விதியை எழுதினார்கள். பதினாறு ஆண்டுத் தொழில் முடிந்தது.

அடுத்து நடந்தது என் போன்ற ரயில்வேக்காரர்களின் நெஞ்சைத் தொடும் விஷயம். நியூயார்க் நகரின் சுரங்க ரயிலையும் பஸ்களையும் நடத்தும் எம்.டி.ஏ. என்ற பொது அமைப்பு, எந்த வண்டி தாமதம், எந்தப் பாதை மூடல் என்பதை ட்விட்டரில் தானாகவே வெளியிட்டு வந்தது. அதற்கும் ஏ.பி.ஐ. வாசல்தான். 2023 ஏப்ரலில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை அந்த வாசல் அடைபட்டது. தொடர்ந்து பயன்படுத்த மாதம் 50,000 டாலர் ஆகலாம் என்ற பேச்சும் வந்தது. ஏப்ரல் 27 அன்று, இனி எங்கள் வண்டி அறிவிப்புகள் இங்கே வராது என்று எம்.டி.ஏ. விலகிக்கொண்டது. மே 2 அன்று, பொதுச் சேவை அமைப்புகளுக்கு இலவசம் என்று ட்விட்டர் இறங்கி வந்தது. சில நாளில் அறிவிப்புகளும் திரும்பின. பிளாட்ஃபாரத்தில் நிற்கும் பயணிக்கு வண்டித் தகவல் போவது, வேறொரு தனியார் நிறுவனத்தின் அன்றைய மனநிலையைப் பொறுத்திருந்தது என்பதே இதில் யோசிக்க வேண்டியது. எம்.டி.ஏ.விடம் சொந்தமாகச் செயலியும் இணையப் பக்கமும் இருந்ததால் விலகும் துணிவு அவர்களுக்கு வந்தது.

துணை விழும்

சொந்தக்காரர் நல்லவராகவே இருந்தும் அவர் விழுந்துவிட்டால்? 2020 மார்ச் 5 அன்று மாலை யெஸ் வங்கிக்குத் தடை விதிக்கப்பட்டது. வைப்பு வைத்தவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அந்த வங்கியில் கணக்கே இல்லாத கோடிக்கணக்கானவர்களும் அன்று இரவு தவித்தார்கள். காரணம், ஃபோன்பே செயலியின் பணப் பரிமாற்றம் முழுவதும் யெஸ் வங்கியின் வழியாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டேட் வங்கிக் கணக்கிலிருந்து கனரா வங்கிக் கணக்குக்குப் போகும் பணம்கூட, நடுவே ஒரே ஒரு பாலத்தைக் கடந்தாக வேண்டும். அந்தப் பாலம் யெஸ் வங்கி. ஃபோன்பே இரவு பகலாக உழைத்து, சுமார் ஒரு நாளில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி வழியாக மாற்றுப்பாதை போட்டுவிட்டது. பெரிய நிறுவனம் என்பதால் ஒரே நாளில் முடிந்தது. நம் மாவுக்காரப் பையனால் முடியுமா?

நான்காண்டு கழித்து இன்னொரு பாடம். 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின்மேல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு வந்தது. பேடிஎம் செயலி அந்த வங்கியைத்தான் நம்பியிருந்தது. அது வெளியார் வங்கியல்ல, தன் குழுமத்திலேயே உள்ள வங்கி. கெடு முடிவதற்கு முந்தின நாள், மார்ச் 14 அன்று, நான்கு வங்கிகளின் வழியாகத் தொடர அந்தச் செயலிக்கு அனுமதி கிடைத்தது. ஒன்று போனால் மற்றொன்று என்று நான்கு பாலங்கள். அந்த நான்கில் யெஸ் வங்கியும் ஒன்று என்பது காலத்தின் விளையாட்டு.

கதவைத் திறந்தவர் பக்கம்

இதுவரை இரவல் வாங்குபவர் பக்கத்திலிருந்தே பேசினேன். சொந்தக்காரருக்கும் நியாயம் உண்டு.

ஃபேஸ்புக் தன் ஏ.பி.ஐ. வாசலைத் தாராளமாகத் திறந்து வைத்திருந்தது. ஒருவர் ஒரு வினாடி வினாச் செயலியில் சேர்ந்தால், அவருடைய நண்பர்களின் விவரங்களும் அந்தச் செயலிக்குக் கிடைக்கும் அளவுக்குத் தாராளம். அப்படி ஒரு செயலி திரட்டிய விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனது 2018 மார்ச்சில் அம்பலமாயிற்று. உலகம் முழுவதும் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. இந்தியாவில் அந்தச் செயலியில் சேர்ந்தவர்கள் 335 பேர்தான். ஆனால் விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2019-இல் 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. கதவைத் திறந்து வைத்தால் நல்லவர் மட்டுமா வருவார்கள்? அதன் பிறகு பல நிறுவனங்கள் வாசலைக் குறுக்கியதில் வியப்பில்லை.

கெட்ட எண்ணம் இல்லாதவர்களாலும் தொல்லை வரலாம். 2025 ஏப்ரல் 12 அன்று யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் நாடு முழுவதும் தடுமாறியது பலருக்கு நினைவிருக்கும். பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் ஏ.பி.ஐ.யைச் சில வங்கிகள் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பத் தட்டியதே காரணம் என்று தெரியவந்தது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் நிமிடத்துக்கு நூறு தடவை வண்டி வந்ததா, வண்டி வந்ததா என்று போன் அடித்தால், அந்தப் பக்கத்து ஆள் எந்த வேலையைப் பார்ப்பார்? அதன் பிறகு ஒரு செயலியில் ஒருவர் தன் கணக்கிருப்பை ஒரு நாளைக்கு 50 தடவைதான் பார்க்கலாம் என்பது போன்ற வரம்புகளை 2025 ஆகஸ்ட் முதல் கொண்டு வந்தார்கள். ஒரு செக்ஷனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் ஓடும் என்பது போலத்தான் இதுவும்.

சலுகையா, விதியா?

திறந்த கதவு என்று சொல்கிறோமே, அதில் இரண்டு வகை உண்டு என்பதுதான் நான் கண்டுகொண்ட முக்கியமான விஷயம். ஒன்று, சொந்தக்காரர் மனம் வைத்துத் திறந்து வைத்திருப்பது. அது சலுகை. மற்றொன்று, எல்லோருக்கும் பொதுவான விதி எழுதி, அந்த விதிக்குச் சொந்தக்காரரும் கட்டுப்பட்டுத் திறந்திருப்பது. அதுதான் உண்மையான திறப்பு.

யு.பி.ஐ.யை இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் வைக்கலாம். 2016 ஏப்ரலில் தொடங்கிய அந்த ஏற்பாட்டை நடத்துவது என்.பி.சி.ஐ. என்ற அமைப்பு. ரிசர்வ் வங்கியும் வங்கிகளின் சங்கமும் சேர்ந்து ஏற்படுத்தியது அது. ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்காரருக்குப் பணம் அனுப்பலாம். ஒரு வங்கி விழுந்தால் செயலி வேறு வங்கிக்கு மாறலாம். ஃபோன்பே ஒரே நாளில் மாற முடிந்ததற்கு அவர்களுடைய உழைப்பு ஒரு காரணம் என்றால், எல்லா வங்கிகளும் ஒரே மணிக் கணக்கைப் பேசுவது மற்றொரு காரணம். பாதை முழுவதும் ஒரே கேஜ். ஆனாலும் யு.பி.ஐ.யும் தடுமாறும் என்பதை ஏப்ரல் 12 காட்டியது. விதி இருந்தால் பழுதே வராது என்று பொருளல்ல. பழுது வந்தால் யார் பொறுப்பு, எங்கே கேட்பது என்பது தெரியும்.

நம்பிக்கை என்பது முகம் பார்த்து வருவதல்ல. நாற்பது ஆண்டுக் காலம் முகம் தெரியாத ஸ்டேஷன் மாஸ்டர்களை நம்பி லட்சக்கணக்கான பயணிகள் பயணம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கை விதியிலிருந்தும், விதி தவறினால் கேட்க ஆள் இருந்ததிலிருந்தும் வந்தது. வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். ஆராய்ந்து பார்த்துத்தான் ஒருவரைத் தெளிய வேண்டும் என்பது மனிதருக்கு மட்டுமல்ல, வாசலுக்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

இரவல் தண்டவாளமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மாவு விற்பவர் வரைபடமும் தயாரிக்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? இரவல் வாங்கலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். தொழில் தொடங்கும் இளைஞர்கள் தங்களுக்குப் புரோகிராம் எழுதித் தருபவரிடம் கேட்க வேண்டிய சில கேள்விகளைச் சொல்கிறேன்.

முதலாவது, இந்த வேலைக்கு நாம் யாருடைய வாசலை நம்பியிருக்கிறோம்? அவருக்கு இதில் வருமானம் எப்படி வருகிறது? வருமானமே இல்லாமல் ஒருவர் இலவசமாகக் கொடுத்தால், அது எப்போதும் நீடிக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

இரண்டாவது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? விலையை மாற்ற எத்தனை நாள் அவகாசம் தருவார்கள்? கணக்கை நிறுத்தினால் யாரிடம் முறையிடுவது? படிக்காமல் சம்மதம் என்று பொத்தானை அழுத்துகிறோம். சைடிங் ஒப்பந்தத்தைப் படிக்காமல் எந்த ஆலை முதலாளியும் கையெழுத்துப் போட்டதில்லை.

மூன்றாவது, நம் வாடிக்கையாளர் பட்டியலும் கணக்கும் நம்மிடம் ஒரு பிரதி இருக்கிறதா? இது தலையாயது. வேலையை இரவல் வாங்கலாம், விவரத்தை இரவல் கொடுக்கக் கூடாது.

நான்காவது, வெளி வாசலோடு பேசுவது புரோகிராமில் ஒரே இடத்தில் இருக்கிறதா, அல்லது இருபது இடத்தில் சிதறிக் கிடக்கிறதா? ஆலை வளாகத்துக்குள் எத்தனை லைன் இருந்தாலும், மெயின் லைனோடு சேர்வது ஒரே ஒரு பாயின்ட்டில் இருந்தால், நாளைக்கு வேறு லைனில் இணைப்பது சுலபம்.

ஐந்தாவது, இரண்டாவது வழி ஒன்று இருக்கிறதா? இருந்தால், அதை எப்போதாவது ஓட்டிப் பார்த்ததுண்டா? ஓட்டிப் பார்க்காத லூப் லைனில் துருதான் இருக்கும்.

ஆறாவது, வாசல் அடைபட்டால் என்ன ஆகும்? சிக்னலில் மின்சாரம் போனால், கம்பி அறுந்தால், சிக்னல் ஆபத்து நிலைக்குத்தான் வர வேண்டும், வண்டி நிற்க வேண்டும். அப்படித்தான் எல்லாவற்றையும் வடிவமைப்போம். அந்தப் பையனுடைய புரோகிராமோ, பதில் ஒன்றும் வராதபோது, யாருக்கும் மாவு வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வெறும் பட்டியலை நீட்டியது. பதில் வராததும், வேண்டாம் என்ற பதிலும் ஒன்றல்ல. இரவு எட்டேகாலுக்கே, செய்தி போகவில்லை என்று ஓர் எச்சரிக்கை மணி அடித்திருந்தால், மாவு அரைப்பதை அவன் நிறுத்தியிருப்பான்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகம்

டோக்கன் கருவி பழுதானால் வண்டிகள் நின்றுவிடுவதில்லை. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் போனில் பேசி, பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்களைப் பரிமாறிக்கொண்டு, காகிதத்தில் லைன் கிளியர் சீட்டு எழுதி டிரைவரிடம் கொடுப்பார்கள். வேகம் குறையும், ஆனால் வண்டி நகரும். கருவி கெட்டுப்போகும் நாளில் யோசித்துக் கண்டுபிடித்த வழியல்ல அது. கருவி வந்த நாளிலேயே எழுதி வைத்த வழி.

அன்று காலை அந்தப் பையனையும் காப்பாற்றியது ஒரு காகிதம்தான். தொழில் தொடங்கிய புதிதில் அவனுடைய அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் பால்கணக்கு மாதிரி எழுதி வைத்திருந்தார். பெயர், வீட்டு எண், போன் நம்பர், எத்தனை கிலோ, பாக்கி எவ்வளவு. செயலி வந்த பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். பரணிலிருந்து தேடி எடுத்தபோது அதில் 112 வீடுகள் இருந்தன. ஆறு மணியிலிருந்து அந்த அம்மாள் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். ஒன்பது மணிக்குள் 80 கிலோ போயிற்று. மீதி புளித்துப்போனதில் அன்று ஒரு நாளே ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். அடுத்த எட்டு நாளும் அந்த நோட்டுதான் தொழிலை ஓட்டியது. நோட்டில் இல்லாத 148 வீடுகளில் பாதிப்பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், இன்றுவரை திரும்பவில்லை.

இப்போதும் அவன் அதே செய்தி நிறுவனத்தைத்தான் பயன்படுத்துகிறான். மலிவாக இருக்கிறது, வேலையும் நன்றாக நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் முழுப் பட்டியலை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுகிறான்.

நம் சங்கத்தின் செயற்குழுவிலும் சந்தா வசூல், பொங்கல் விழா நுழைவுச் சீட்டு, உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு செயலியில் ஏற்றலாம் என்று இளைஞர்கள் தீர்மானம் கொண்டு வந்திருக்கிறார்கள். நல்ல யோசனை, கை தூக்கி ஆதரிக்கப் போகிறேன். ஒரே ஒரு திருத்தம் கேட்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர் பட்டியலை அச்சிட்டு அலுவலக அலமாரியில் வைக்க வேண்டும். அந்த அலமாரியின் சாவி நம்மிடமே இருக்க வேண்டும்.